பழைய பாத்திரங்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிடலாமா, டாக்டர்?

பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 41. வீட்டில் கணவர், ஒன்பது வயது மகன், 68 வயது மாமியார். கடிதம் நீளமானது. சுருக்கித் தருகிறேன்.

"சமையல் பாத்திரங்களைப் பற்றி நிறைய வீடியோ பார்த்துக் குழம்பிப்போயிருக்கிறேன். அலுமினியத்தில் சமைத்தால் மறதி நோய் வருமாம், கீறல் விழுந்த நான்ஸ்டிக்கால் புற்றுநோய் வருமாம். எங்கள் வீட்டில் இரண்டுமே இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒழித்துவிட்டு, 12 உருப்படிகள் கொண்ட வார்ப்பிரும்பு செட் ஒன்றைத் தவணையில் வாங்க நினைக்கிறேன். எனக்கு ரத்தசோகை, ஹீமோகுளோபின் 9.8. இரும்பு மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது. இரும்பில் சமைத்தால் மாத்திரையே தேவையில்லை என்று கேள்விப்பட்டு ஒரு மாதமாக நிறுத்திவிட்டேன். வலது மணிக்கட்டில் வலி, ராத்திரியில் விரல்கள் மரத்துப்போகின்றன. மாமியாருக்குச் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை. நெஞ்செரிச்சலுக்கு அவராகவே மருந்துக் கடையில் ஆன்டாசிட் வாங்கிக் குடிக்கிறார். பழைய உலோகத்தை உருக்கி வார்த்துக் கொடுத்த அலுமினியப் பானை ஒன்றைப் பல வருடமாக வைத்திருக்கிறார். 'அதை மட்டும் தொடாதே' என்கிறார். இதனால் எங்களுக்குள் பேச்சுவார்த்தையே குறைந்துவிட்டது. சமையலறையை ஒட்டிய பால்கனியில் மகன் இரண்டு லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறான். அடுத்த வருடம் இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறப்போகிறோம். என்ன வாங்குவது, எதை விடுவது?"

சகோதரி, நீங்கள் கேட்டது பாத்திரத்தைப் பற்றி. ஆனால் கடிதத்தில் போகிற போக்கில் நீங்கள் சொல்லியிருக்கும் மூன்று விஷயங்கள்தான் எனக்கு முதலில் பட்டன: நிறுத்திவிட்ட மாத்திரை, மாமியார் குடிக்கும் ஆன்டாசிட், பால்கனியில் தொங்கும் கூண்டு. எந்த உலோகம் நல்லது, எது கெட்டது என்று பட்டியல் போட்டால் கேட்கச் சுலபமாக இருக்கும். அதனால்தான் வீடியோக்கள் அப்படிப் பேசுகின்றன. உண்மையில் அதில் என்ன சமைக்கிறோம், எவ்வளவு சூடாக்குகிறோம், யார் சாப்பிடுகிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல முடியும். அடுத்த வீட்டுக்குப் பிரச்சினையே தராத பாத்திரம் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாமல் போகலாம்.

மாத்திரையை மறுபடி ஆரம்பியுங்கள்

கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 9.8 என்பது நடுத்தர அளவு. அசட்டையாக விடக்கூடியது அல்ல.

இரும்புப் பாத்திரத்திலிருந்து உணவில் இரும்பு இறங்குவது உண்மைதான். புளிப்பும் தண்ணீரும் சேர்ந்து நெடுநேரம் கொதித்தால் அதிகமாக இறங்கும், எண்ணெயில் சட்டென்று வதக்கி எடுத்தால் கொஞ்சம்தான். நன்றாகப் பழக்கிய பாத்திரத்தின் மேல் எண்ணெய் படிந்து இறுகிய ஒரு படலம் இருக்கும். அது இரும்பை இன்னும் தடுக்கும். ஆக, இன்றைக்கு எவ்வளவு கிடைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மருத்துவர்கள் எழுதித் தரும் பல மாத்திரைகளில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அந்தக் கணக்கை வாணலியை நம்பி விட்டுவிட முடியாது. உடம்பில் இரும்பு குறையாமல் பார்த்துக்கொள்ள இரும்புப் பாத்திரம் ஒரு கை கொடுக்கும். ஏற்கெனவே குறைந்துபோனதை ஈடுகட்ட மாத்திரை வேண்டும்.

வயிற்றைப் புரட்டுகிறது என்பது நியாயமான புகார். அதற்கு வழி இருக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடலாம், அளவைக் குறைக்கலாம், வேறு வகை இரும்பு உப்புக்கு மாற்றலாம். உங்கள் மருத்துவரிடம் "நிறுத்திவிட்டேன்" என்று ஒளிக்காமல் சொல்லுங்கள், அவர் மாற்றித் தருவார். டீ, காபியை மாத்திரையிலிருந்து ஓரிரு மணி நேரம் தள்ளி வையுங்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்புவதற்காகச் சுமார் மூன்று மாதம் தொடர வேண்டியிருக்கும். அப்புறம், ரத்தம் ஏன் குறைந்தது என்று பார்த்தார்களா? மாதவிடாயில் அதிகப் போக்கு, மூலம், குடல் புண் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்காமல் இரும்பை மட்டும் ஏற்றிக்கொண்டிருப்பது பாதி வைத்தியம்.

ஒரு எச்சரிக்கை, உங்களுக்கு இல்லாவிட்டாலும் படிக்கும் மற்றவர்களுக்கு: உடம்பில் இரும்பு சேர்ந்துகொண்டே போகும் பரம்பரை நோய் உள்ளவர்கள், தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்காக அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்கள் வீட்டில் இருந்தால், தினசரிச் சமையலுக்கு இரும்புப் பாத்திரம் வேண்டாம்.

அலுமினியமும் மறதியும்

இந்தப் பயம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1965-இல் முயல்களின் மூளையில் அலுமினிய உப்பு ஏற்றிப் பார்த்தபோது நரம்பு இழைகளில் சிக்கல்கள் தெரிந்தன. 1970-களில் அல்சைமர் என்னும் மறதி நோய் உள்ள சிலரின் மூளையில் அலுமினியம் கூடுதலாக இருப்பதாகச் சொன்னார்கள். அதே காலத்தில் டயாலிசிஸ் தண்ணீரில் இருந்த அலுமினியத்தால் சிறுநீரக நோயாளிகளுக்கு மூளை பாதிக்கப்பட்டது. இந்த மூன்றாவது சங்கதி மறுக்க முடியாத உண்மை. இரண்டாவது, பின்னால் வந்த ஆய்வுகளில் சீராக உறுதிப்படவில்லை. முயலிடம் தெரிந்த மாற்றமும் அல்சைமரில் காணும் மாற்றமும் ஒன்றல்ல என்றும் தெரியவந்தது. அலுமினியப் பாத்திரத்தில் சமைப்பதால் அல்சைமர் வரும் என்பதற்கு இன்றைக்கு ஆதாரம் இல்லை.

சாப்பாட்டோடு உள்ளே போகும் அலுமினியத்தில் மிகச் சிறு பங்கைத்தான் குடல் உறிஞ்சுகிறது. உறிஞ்சியதையும் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு வாரத்துக்கு 2 மில்லிகிராம் வரை போகலாம் என்று 2011-இல் வரம்பு வைத்தது. 60 கிலோ எடைக்கு வாரம் 120 மில்லிகிராம்.

இப்போது உங்கள் மாமியாருக்கு வருவோம். சிறுநீரகம் தள்ளும் என்று சொன்னேனே, அவருக்கு அந்த வேலையில்தான் குறை. பானையைப் பற்றி நீங்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, ஆன்டாசிட் பாட்டிலை யாரும் கவனிக்கவில்லை. அந்த மருந்துகள் பலவற்றில் அலுமினியம் ஹைட்ராக்சைடுதான் முக்கியச் சரக்கு. ஒரே வேளையில் பல பத்து மில்லிகிராம் அலுமினியம் போய்விடும். கம்பெனி அலுமினியப் பானை எதுவும் அந்த வேகத்தில் கொடுக்காது. பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று இன்றைக்கே படித்துப் பாருங்கள். அலுமினியம் என்றோ மெக்னீசியம் என்றோ இருந்தால், அவருடைய சிறுநீரக மருத்துவரிடம் பாட்டிலோடு போய் வேறு மருந்து கேளுங்கள். இரண்டுமே பலவீனமான சிறுநீரகத்துக்கு ஆகாதவை.

மற்றபடி வீட்டில் இருக்கும் கம்பெனி அலுமினியப் பாத்திரங்களைக் கண்டு நடுங்க வேண்டாம். தண்ணீர் காய்ச்ச, பால் காய்ச்ச, அரிசி வேகவைக்கப் பயன்படுத்தலாம். புளிப்பானதை அதில் கொதிக்கவிடுவதையும், சமைத்ததை ராத்திரி முழுக்க அதிலேயே வைத்திருப்பதையும் நிறுத்துங்கள். உள்ளே கறுத்திருக்கிறது என்று புளிப்புப் போட்டுப் பளபளவென்று தேய்க்கவும் வேண்டாம். மேலே தானாகப் படியும் ஆக்சைடு படலம்தான் உலோகம் இறங்காமல் காக்கிறது. தேய்த்த அன்று சமைத்தால் அதிகமாக இறங்கும்.

நான்ஸ்டிக்: கீறலைவிடச் சூட்டுக்குப் பயப்படுங்கள்

இங்கே இரண்டு வெவ்வேறு பொருள்களைப் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள். வாணலியின் மேல் இருக்கும் பூச்சு பி.டி.எஃப்.இ. அதைத் தயாரிக்கும்போது முன்பு துணைக்குச் சேர்த்தது பி.எஃப்.ஓ.ஏ. புற்றுநோய் என்ற பேச்சு இந்த இரண்டாவதைப் பற்றியது. 2019-இல், எளிதில் அழியாத நச்சு ரசாயனங்களைத் தடுக்க நாடுகள் செய்துகொண்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் அது சேர்ந்தது. 2023-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள், அவற்றின் கழிவு கலந்த தண்ணீரைக் குடித்தவர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். செய்து முடித்த வாணலியில் அது தங்குவது மிக மிகக் குறைவு. புதிதாக வாங்குவதானால் பி.எஃப்.ஓ.ஏ. இல்லை என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு ரசாயனங்களும் உண்டு, ஆகவே அந்த ஒரு வரி எல்லாவற்றுக்கும் உத்தரவாதம் அல்ல.

பூச்சு உரிந்து ஒரு துணுக்கு வயிற்றுக்குள் போய்விட்டால்? ஒன்றும் ஆகாது. அது கரையாது, செரிக்காது, அப்படியே மலத்தோடு வெளியேறிவிடும். ஆனாலும் உரிய ஆரம்பித்த வாணலியை மாற்றிவிடுங்கள். அதன் வேலையே ஒட்டாமல் இருப்பதுதான், அது போன பிறகு எதற்கு?

அக்கறை வேண்டியது சூட்டில். சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பூச்சு சிதையத் தொடங்கும். 350-ஐத் தாண்டினால் புகை வேகமாகக் கிளம்பும். பெரும்பாலான சமையல் எண்ணெய்கள் அந்த அளவைத் தொடும் முன்பே புகைந்து நம்மை எச்சரித்துவிடும். ஆபத்து, வெறும் வாணலியை அடுப்பில் வைத்துவிட்டுப் போன் பேசப் போவது. முழுத் தீயில் சில நிமிடங்களிலேயே 260-ஐ எட்டும், இண்டக்‌ஷனில் இன்னும் சீக்கிரம். அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்குச் சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல், குளிர், உடம்புவலி வரும். பொதுவாக ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

பறவைகளுக்குச் சரியாகாது. அவற்றின் நுரையீரல் நம்முடையதைவிடத் திறமையாகக் காற்றை உள்வாங்குகிறது. அதனால் நமக்கு வாசனைகூடத் தெரியாத அளவு புகையிலேயே கூண்டுப் பறவைகள் சில நிமிடங்களில் இறந்துவிடுவதுண்டு. எனவே உங்கள் வீட்டைப் பொறுத்தவரை நான் கறாராகச் சொல்வேன்: பறவை இருக்கும்வரை நான்ஸ்டிக் வேண்டாம். கூண்டையும் சமையலறையை ஒட்டி வைக்காதீர்கள், வேறு பக்கம் மாற்றுங்கள். தீய்ந்த எண்ணெய்ப் புகையும் அவற்றுக்கு ஆகாது.

"அப்படியானால் செராமிக் பூச்சு?" என்று கேட்பீர்கள். அது மண்பாண்டம் அல்ல, சிலிக்கா சார்ந்த ஒரு மேல்பூச்சு. ஃப்ளோரின் இல்லாததால் அந்தப் புகைப் பயம் இல்லை. ஆனால் வழுவழுப்புச் சீக்கிரமே போய்விடும். கொஞ்ச நாளைக்கு முட்டை நழுவி விழும், அப்புறம் சுரண்ட வேண்டும். தெரிந்து வாங்கினால் தப்பில்லை.

உங்கள் வீட்டுக்கு எது?

முதலில் அந்த 12 உருப்படிச் செட்டை விடுங்கள். இந்த மாதிரிச் செட்டுகளில் மூடிகளையும் கரண்டிகளையும் எண்ணிக்கையில் சேர்த்துவிடுவார்கள். அதைவிட முக்கியம் உங்கள் மணிக்கட்டு. 26 சென்டிமீட்டர் வார்ப்பிரும்பு வாணலி காலியாகவே இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். உள்ளே சமையலையும் சேர்த்து ஒற்றைக் கையால் சாய்த்து ஊற்றிப் பாருங்கள், அன்று ராத்திரி விரல்கள் இன்னும் மரத்துப்போகும். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவதுபோல் இருக்கின்றன. கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்ல முடியாது. நேரில் காட்டுங்கள், சர்க்கரையும் தைராய்டும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரும்பு வேண்டுமென்றால் தகட்டு இரும்பில் அடித்துச் செய்த வாணலி ஒன்று போதும். வார்ப்பைவிட எடை கணிசமாகக் குறைவு, இரும்பும் இறங்கும், இண்டக்‌ஷனிலும் வேலை செய்யும். வாங்கியதும் துரு பிடிக்காமல் இருக்கத் தடவியிருக்கும் பூச்சை நன்றாகக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, மெல்லிசாக எண்ணெய் தடவி, புகை அடங்கும்வரை சூடாக்க வேண்டும். நாலைந்து முறை இப்படிப் பழக்கினால் கறுப்புப் படலம் ஏறிவிடும். அதிகமாகத் தடவினால் பிசுபிசுவென்று ஒட்டும், தடவியதைத் துணியால் துடைத்தெடுத்த பிறகு மிஞ்சுவதே போதும். இந்த வேலையைச் செய்யும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், கூண்டு அந்தப் பக்கம் இருக்கவே கூடாது.

மற்ற எல்லாவற்றுக்கும் எவர்சில்வர். ஆனால் மெல்லிய ஒற்றைத் தகட்டில் செய்தது வேண்டாம், அடிப்பிடிக்கும். அலுமினியம் வெப்பத்தைக் கடத்துவது எவர்சில்வரைவிட ஏறத்தாழ 15 மடங்கு வேகம். அதனால்தான் இரண்டு எவர்சில்வர் தகடுகளுக்கு நடுவே அலுமினியத்தை வைத்து மூன்று அடுக்காகச் செய்கிறார்கள். உணவில் படுவது எவர்சில்வர் மட்டுமே, சூட்டைப் பரப்புவது நடுவிலுள்ள அலுமினியம். உங்கள் மாமியாருக்கும் இதில் பிரச்சினை இல்லை. அடியில் மட்டும் அடுக்கு வைத்ததைவிட விளிம்புவரை மூன்று அடுக்கும் போனது நல்லது. எவர்சில்வர் வாணலி 24 சென்டிமீட்டரில் ஒன்று, மூடியோடு மூன்று லிட்டர் பாத்திரம் ஒன்று, ஒன்றரை லிட்டரில் சின்னது ஒன்று, மேலே சொன்ன இரும்பு வாணலி. நாலு பேருக்கு இதோடு ஆரம்பியுங்கள். குறை தெரிந்தால் அப்போது வாங்கிக்கொள்ளலாம்.

கடைக்குப் போகும்போது ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்துப் போங்கள். பாத்திரத்தின் அடியில் அது கெட்டியாகப் பிடித்தால் இண்டக்‌ஷனில் சூடாகும், நழுவினால் ஆகாது. 18/10 என்று முத்திரை இருப்பது 18 சதவீதம் குரோமியமும் 10 சதவீதம் நிக்கலும் சேர்ந்த ரகம். அதில் பொதுவாகக் காந்தம் ஒட்டாது, இண்டக்‌ஷனுக்காக அடியில் காந்தம் பிடிக்கும் தகடு வைத்திருக்க வேண்டும். மேஜைக் கண்ணாடியில் வைத்து ஓரத்தை அழுத்திப் பாருங்கள், ஆடக்கூடாது. எதிர்ப்பக்கம் இன்னொரு சின்னக் கைப்பிடி இருந்தால் உங்கள் கைக்குப் பெரிய உதவி. எல்லாவற்றுக்கும் மேலாக, வலிக்கும் அந்தக் கையாலேயே தூக்கிப் பாருங்கள்.

எவர்சில்வரில் ஒட்டுகிறது என்பார்கள். அவசரப்பட்டால் ஒட்டும். வெறும் வாணலியை நடுத்தரத் தீயில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சுர்ரென்று ஆவியானால் சூடு போதவில்லை. உருண்டு திரண்டு கோலிபோல் ஓடினால் தயார், அப்போது எண்ணெய் ஊற்றுங்கள். மீன் துண்டு முதலில் பிடித்துக்கொண்டு நிற்கும். பொறுங்கள், அடிப்பக்கம் சிவந்ததும் தானே விடும். உப்பைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு அடியில் தங்கவிடாதீர்கள், ஊசி குத்தியதுபோல் புள்ளி விழும். கொதித்த பிறகு போடுங்கள். வானவில் நிறத்தில் படியும் கறை ஆபத்தில்லாதது, வினிகரால் துடைத்தால் போகும்.

நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் புது எவர்சில்வரில் புளிப்பை நெடுநேரம் கொதிக்கவிட வேண்டாம். முதல் சில முறைகளில்தான் நிக்கல் அதிகமாக இறங்கும், பிறகு குறைந்துவிடும். செம்பு கேட்கவே இல்லை நீங்கள், நல்லது. உள்பூச்சு இல்லாத செம்பில் புளிப்பு பட்டால் வாந்திதான்.

மாமியாரின் பானை

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதில் உங்கள் முடிவு சரி, சொல்லும் காரணம்தான் சரியில்லை. கம்பெனி அலுமினியம் வேறு, கழிவு உலோகத்தை உருக்கி வார்த்தது வேறு. பழைய எஞ்சின் பாகம், பேட்டரி, கம்பி என்று எது வேண்டுமானாலும் அந்த உலையில் விழுந்திருக்கலாம். இப்படி வார்த்த பாத்திரங்களில் ஈயம் (காரீயம், அதாவது லெட்) இருப்பதைப் பல நாடுகளில் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். குழந்தைகளுக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. படிப்பையும் கவனத்தையும் அது பாதிக்கும். பெரியவர்களுக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உங்கள் வீட்டில் இரண்டு பேரும் இருக்கிறார்கள்.

அந்தப் பானையில் ஈயம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பார்த்தோ தட்டியோ கழுவியோ அது தெரியாது, ஆய்வுக்கூடத்தில்தான் தெரியும். தெரியாத நிலையில் அதில் சமைக்க வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். மகனுக்கும் மாமியாருக்கும் ரத்தத்தில் ஈய அளவு பார்க்கும் பரிசோதனை உண்டு. இத்தனை வருடம் புழங்கிய பானை என்பதால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அவரிடம் "மறதி வந்துவிடும்" என்று சொல்லாதீர்கள். அந்த வயதில் அது புண்படுத்தும், உண்மையும் இல்லை. "உங்கள் சிறுநீரகத்துக்கும் பேரனுக்கும் ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேட்போம், வாருங்கள்" என்று கூட்டிக்கொண்டு போங்கள். ஆன்டாசிட் விஷயமாக எப்படியும் போகத்தான் வேண்டும், ஒரே நாளில் இரண்டையும் கேட்டுவிடலாம். பானையை வீட்டை விட்டு அனுப்பச் சொல்லாதீர்கள், அலமாரியில் இருந்துவிட்டுப் போகட்டும். புதிதாக வாங்கும் மூன்று லிட்டர் பாத்திரத்தை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.